வெல்டரின் மனைவி வந்த நொடி

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். மருத்துவமனையில் மூளை அலைகளைப் பதிவுசெய்கிறேன். ஒரு வெல்டரை அங்கேதான் பார்த்தேன். அவ்வப்போது கண்முன் வெளிச்சம் பரவி, இறந்துபோன மனைவி பக்கத்தில் வந்து நிற்பதாகச் சொன்னார்.

"நான் பத்தவைக்கிற வெளிச்சம் கண்ணைப் பிடுங்கும் தம்பி. இது கூசவே கூசாது."

தலையில் கம்பிகளை ஒட்டி, அவள் வந்தால் அழுத்தச் சொல்லி ஒரு பொத்தானைக் கொடுத்தேன். அவர் அழுத்திய நொடியில் திரையில் கோடுகள் எகிறின.

"இது வலிப்புண்ணே. டாக்டர் தர்ற மாத்திரையில நின்னுடும்."

"அவளுமா?"

"ஆமாண்ணே."

"உயிரோட இருந்தப்ப கூப்பிட்டாலும் வரமாட்டா. இப்பத்தான் தானா வர்றா," என்று சிரிக்கப் பார்த்தார்.

வலிப்பில் விழுந்து அவரும் போய்விட்டால் பள்ளிக்குப் போகும் மகளுக்கு யாருமில்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டார்.

இரண்டு வருடமாக வலிப்பில்லை. பட்டறையில் வேலைபார்க்கிறார், மகளைப் படிக்கவைக்கிறார். மனைவி அதன்பிறகு வரவில்லை.