திரைக்கு அந்தப் பக்கம்

சபையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைஞர்கள், ஆரம்ப காலத்து அனுபவத்தை எழுதித் தரும்படி விடாமல் கேட்கிறார்கள். எழுதுகிறேன். இதில் என் சாமர்த்தியம் கம்மி, முட்டாள்தனம் ஜாஸ்தி. சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரிக்கலாம்.

1. முதல் கூட்டம்

ஆம்பூரில் ஒரு டேனரியில் நான் ரைட்டராக இருந்தேன். தோல் கட்டுகளுக்கு எண் போட்டு ரயிலேற்றுவதும், மாதம் ஒருமுறை மதராஸ் போய்ப் பெரியமேட்டு மண்டியில் சரக்கை ஒப்படைத்துவிட்டு வருவதும் என் வேலை. ஜெர்மன் யுத்தம் முடிந்து சில வருஷத்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து இந்தச் சபையைத் தொடங்கினோம். சீட்டாட்டம், சாராயம் என்று கெட்டு வீட்டைவிட்டு ஓடுகிற பையன்களைத் தேடுவது, பெற்றவர்களுக்குத் துணையாக இருப்பது, இவைதான் நோக்கம். சம்பளம் கிடையாது.

முதல் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். ஈ காக்கை கூட வரவில்லை. எங்கள் ஊர் டேனரிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. எங்களில் ஒருவரான பள்ளிக்கூட வாத்தியார் ஞாயிறு என்றார். டேனரியிலேயே உழலும் நானும் தலையாட்டியிருக்கிறேன்!

என் மனைவி சம்பூர்ணம் இன்னொரு கோளாறையும் அன்றே கண்டுபிடித்தாள். "பாதி வீட்ல பொம்பளைங்க கோஷா. அவங்க முகத்தையே பாக்க முடியாத அஞ்சு ஆம்பளைங்க சேந்து தாய்மாருக்கு ஒதவி பண்ணப் போறீங்களா?" என்றாள். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு விதியை மட்டும் கெட்டியாக வைத்திருந்தோம். பதினெட்டு வயது தாண்டியவன் சம்மதிக்காமல், அவன் இருக்கும் இடத்தைப் பெற்றவர்களிடம் சொல்லக் கூடாது. உயிரோடு இருக்கிறான், நன்றாக இருக்கிறான் என்று மட்டும் சொல்லலாம்.

2. காதர் பாஷா வீடு

காதர் பாஷா எங்கள் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி மேஸ்திரி. அவருடைய ஒரே மகன் ரஹீம், பத்தொன்பது வயது, சீட்டாட்டத்தில் விழுந்தான். மேஸ்திரி ஒருநாள் அவனை டேனரி முற்றத்துக் கம்பத்தில் கட்டிவைத்து, வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும் அடித்தார். அன்று சாயங்காலமே அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான்.

ஆறு மாதம் கழித்துப் பெரியமேட்டில் ஒரு கிடங்கில் அவனைப் பார்த்தேன். ஆம்பூரிலிருந்து வந்த தோல் கட்டைத்தான் பிரித்துக்கொண்டிருந்தான். சீட்டை விட்டிருந்தான், ஆளும் தெளிந்திருந்தான். "அப்பாவுக்குத் தெரிஞ்சா இங்கேயும் வந்து கட்டி அடிப்பாரு. சொன்னீங்கன்னா இங்கேருந்தும் போய்டுவேன்" என்றான். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும், ஜும்மா தொழுகை முடிந்ததும் மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். மேஸ்திரி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "அவன் எங்க இருந்தா எனக்கு இன்னா?" என்பார். ஆனால் நான் தட்டுவதற்கு முன்பே கதவைத் திறப்பவர் அவர்தான். அவர் மனைவி அமீனாபீ உள்ளறையில், பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் இருந்து பேசுவார். எனக்கு அந்தக் குரல் மட்டும்தான் தெரியும். கணீரென்ற குரல்.

"நல்லா சாப்பிடுறானா, ரைட்டர் சாப்?"

"சாப்பிடுறான்மா. நீங்க எப்படி இருக்கீங்க?"

"எனக்கு இன்னா? நல்லா இருக்கேன்."

ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மா கேட்டார்: "நமாஸுக்கு மேற்கே பாத்து உக்கார்றேன். முடிச்சிட்டு அவனை நெனச்சுக்க எந்தப் பக்கம் திரும்பணும்? ஊர் பேர் வேணாம். பக்கம் மட்டும் சொல்லுங்க."

கிழக்கு என்றால் மதராஸ். மதராஸ் என்றால் பெரியமேடு. சுவரைப் பார்த்திருக்கும் மேஸ்திரிக்கு அது போதும். நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு, "பரவால்ல, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றது குரல். வீட்டுக்கு வந்து சம்பூர்ணத்திடம் எல்லாவற்றையும் சொன்ன பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை.

3. ரஹீம் கேட்டது

அடுத்த முறை பெரியமேடு போனபோது, அம்மா நன்றாக இருப்பதாக வழக்கம்போல் சொன்னேன். ரஹீம் கையிலிருந்த தோலைக் கீழே வைத்தான்.

"மெலிஞ்சுட்டாங்களா?"

எட்டு மாதமாகப் போகிறேன், அந்த முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. "குரல் நல்லா இருக்குப்பா" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் வெட்கிப்போனேன்.

அந்த வெள்ளிக்கிழமை சம்பூர்ணத்தைக் கெஞ்சி அழைத்துப் போனேன். அவள் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. வீடு திரும்பும் வழியில்தான் பேசினாள்.

"அந்தம்மா எழுந்து மூணு மாசம் ஆச்சு. உடம்புல ஒண்ணுமே இல்ல. நீங்க வர்ற நேரத்துக்குத் தலகாணி வெச்சு நிமித்தி உக்கார வெக்கிறாங்களாம், கொரல் நல்லா வரணும்னு."

"மேஸ்திரி ஒரு வார்த்த சொல்லலியே!"

"சொன்னா அவரு மகனைக் கூப்பிட்ட மாதிரி ஆய்டுமே. அந்தம்மாவும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. பயந்து ஓடிவரக் கூடாதாம். ஆசைப்பட்டு வரணுமாம்."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு மறுபடி சொன்னாள். "கட்டிலைத் தெனம் ஒரு பக்கமா திருப்பிப் போடச் சொல்றாங்க. எந்தப் பக்கம்னு யாரும் சொல்லலியாம். நான் கெழக்கே திருப்பிப் போட்டுட்டு வந்துட்டேன். வாயால ஒண்ணும் சொல்லல. உங்க விதியை நீங்களே வெச்சுக்குங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. தெருவென்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

4. மறுநாள்

முதலாளியிடம் ஒருநாள் லீவு கேட்டு வாங்கி, மறுநாள் காலை ரயிலில் மதராஸ் போனேன். ரஹீமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பயந்து வரக் கூடாது, ஆசைப்பட்டு வரணும் என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டதையும் சேர்த்துச் சொன்னேன். அவன் சட்டையைக்கூட மாற்றாமல் என்னோடு கிளம்பினான்.

மேஸ்திரி கதவைத் திறந்தார். மகனைப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டார். ரஹீம் திரையைத் தாண்டி உள்ளே போனான். நாங்கள் இரண்டு பேரும் வெளியே நின்றோம்.

"யாரு சொல்லி வந்தே?" என்றது குரல்.

"யாரும் சொல்லலம்மா. உன்னப் பாக்கணும்னு இருந்துச்சு. வந்தேன்."

அதற்குப் பிறகு, எட்டு மாதமாக நான் கேட்டிராத அழுகை மட்டும் கேட்டது. மேஸ்திரி தலைத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த அம்மா அதன் பிறகு பதினொரு நாள்தான் உயிரோடு இருந்தார். ரஹீம் பக்கத்திலேயே இருந்தான்.

அதன் பிறகு எங்கள் சபையில் பெண்கள் சேர்ந்தார்கள். முதல் ஆள் சம்பூர்ணம். விதிகள் தேவைதான், நானே எழுதியவை, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வீட்டுக்கு உதவப் போகிறவர்களில், உள்ளே போய் முகத்தைப் பார்க்கக்கூடிய ஒருத்தி இருக்கவேண்டும். நான் கற்றது இவ்வளவுதான்.

அமீனாபீ பார்க்க எப்படி இருப்பார் என்று சம்பூர்ணத்திடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "அந்தக் கொரல் மாதிரியே இருப்பாங்க" என்பாள். எனக்கு அது போதவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் போதவில்லை.