பன்னிரண்டு கிழமை தாண்டினால்தான்

இன்று காலை கிரானிலிருந்து பஸ் ஏறி மட்டக்களப்புக்கு இரத்தம் சோதிக்கப் போனேன். கையில் ரப்பர் பட்டியை இறுக்கிக் கட்டி, பஞ்சையும் நனைத்த பிறகுதான் லெப் பிள்ளை என் பழைய ரிப்போர்ட்டில் திகதியைப் பார்த்தாள்.

"அக்கா, இப்ப எடுக்கேலாது. பன்னிரண்டு கிழமை, மூண்டு மாசம் கழியணும்."

சாப்பிடாமல் வந்தேனே என்றேன்.

"இதுக்கு வெறும் வயிறு தேவையில்ல அக்கா."

மூன்று கரு கலைந்த பிறகு டொக்டர் எழுதித் தந்த சோதனை இது. அன்டிபொஸ்போலிபிட் என்று வாய்க்குள் நுழையாத பெயர். இரத்தம் தேவையில்லாமல் உறைகிற நோயாம். முதல் தடவை பொசிட்டிவ். திரும்பவும் பார்க்கவேண்டும் என்றார். எப்போது என்பதை நான் காதில் வாங்கவில்லை.

"ஒருக்கா வந்தது காணாதா, புள்ள?"

"காய்ச்சல் வந்தாலும் கொஞ்ச நாளைக்கு இப்பிடிக் காட்டும் அக்கா. பிறகு தானாப் போயிரும். பன்னிரண்டு கிழமை தாண்டியும் நிண்டாத்தான் நம்பலாம்."

இதையேதான் எங்கள் ஊர் மருத்துவமாதுவும் நான் உண்டாகியிருந்த மூன்று முறையும் சொன்னார். அதுவரைக்கும் ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்றார். நானும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் நிற்கவுமில்லை.

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தேன். இந்தப் பொசிட்டிவ் மட்டும் நிற்கும், பாருங்கள்.

பன்னிரண்டு கிழமையை எப்படிக் கடப்பது என்று தெரிந்த ஆட்கள் கீழே எழுதுங்கள். எனக்கு அதுவரைக்கும் போய்ப் பழக்கமில்லை.