ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர்கள்

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். அடுத்த வாசலில் இருக்கும் என் கொழுந்தனின் மனைவி கள்ளக்குறிச்சியில் கல்லூரிக்குப் போய் இங்கிலீஷ் படித்தவள். ஒன்பதாவது படிக்கும் என் மகள் சாயங்காலம் ஆனால் புத்தகத்தோடு அங்கேதான் ஓடுவாள். திரும்பி வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளை அங்கேயே ஒட்டிக்கொண்டால்?

ஒரு வியாழக்கிழமை வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"அம்மா, ரைவல்னா இன்னா சொல்லு?"

"போட்டி போடுறவங்க. டீவியில சொல்றானே."

"அது இப்போ. முன்ன லத்தீன்ல, ஒரே வாய்க்கால்ல தண்ணி எடுக்குறவங்களுக்குத்தான் அந்தப் பேராம். அவங்களுக்குள்ள சண்ட வருமில்ல, அப்படியே மாறிடுச்சாம். சித்தி சொன்னாங்க. சூப்பர்ல?"

எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார், ஒரே வாய்க்கால். உலகத்தில் அத்தனை வார்த்தை இருக்க, இதை ஏன் என் பெண்ணிடம் சொன்னாள்? என்னைத்தான் குத்துகிறாள் என்று அடுப்படியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

மோட்டாருக்குக் காலை எட்டுக்குக் கரண்ட் வரும், இரண்டுக்குப் போகும். முதல் பாதி எங்கள் மரவள்ளிக்கு, மறு பாதி அவர்களுக்கு. பாய்ச்சி முடித்தவர் மோட்டாரை நிறுத்திவிட்டு, நேரே போய் வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்வரை மற்றவர் எட்டிப் பார்க்க மாட்டார். பார்த்தால் சந்தேகப்படுவதாக ஆகிவிடும்.

மறுநாள் எங்கள் முறை முடிந்ததும் மோட்டாரை நிறுத்தினேன். சொல்லப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்தேன். அவள் இரண்டு முறை வாசலுக்கு வந்து எங்கள் பக்கம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். இரண்டு மணிக்குக் கரண்ட் போய்விட்டது.

சாயங்காலம் மகளைத் திருப்பி அனுப்புவாள் என்று நினைத்தேன். எப்போதும்போலச் சொல்லிக்கொடுத்துதான் அனுப்பினாள்.

"சித்தி கொல்லையில பயிரு காஞ்சிக்கினு இருக்கு. நீ போய்ச் சொல்லலியா?"

"மறந்துட்டேன்டி."

"நீயா? கேஸ மூடினமான்னு மூணு வாட்டி எழுந்து பாப்ப. நீ மறந்துட்ட!"

அதோடு என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தாள். எதற்குப் பயந்தேனோ அதை நானே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை எட்டுக்கு முன்பே அவள் வாசலில் போய் நின்றேன்.

"இன்னிக்குப் பூரா நீயே பாய்ச்சிக்கோ. நேத்து வேணும்னுதான் சொல்லல."

"ஏங்க்கா?"

"அந்த வார்த்தைய எம்பொண்ணுகிட்ட எதுக்குச் சொன்ன?"

சற்று யோசித்தவளுக்கு அப்புறம்தான் புரிந்தது. "அய்ய! பாடத்துல வந்துச்சிக்கா. நான் படிச்சப்பவே எனக்குப் புடிச்ச வார்த்த அது. எங்கியோ வெளிநாட்டுலயும் நம்ம மாதிரி முறை வெச்சிப் பாய்ச்சிக்கினு இருந்திருக்காங்கன்னு." மண்வெட்டியை எடுத்தாள். "பூரா வேணாம். பாதி போதும். வந்து சொல்றேன்."

பதினொரு மணிக்குச் சேற்றுக்காலோடு வந்து, "முடிஞ்சிடுச்சிக்கா" என்றாள். நான் சொல்வதற்கு முன்பே என் மகள் டீ போட்டு எடுத்துவந்து அவள் கையில் கொடுத்து, ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். எனக்கு எரிந்தது. கரண்ட் இருக்கும்போதே பாய்ச்ச வேண்டும். இருவரையும் அப்படியே விட்டுவிட்டு மோட்டார் போடப் போனேன்.