மாமனார் முகத்துப் புலி

ஓவியர் தம் ஆயுளில் ஒரே ஒரு புலியைத்தான் நேரில் பார்த்திருக்கிறார். அதுவும் பின்பக்கம். மிருகக்காட்சி சாலையில் காலை பத்து மணிக்கே நோட்டும் பென்சிலுமாகக் கூண்டுக்கு முன்னால் போய் நின்றார். புலி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. சாயங்காலம் மணியடித்து எல்லோரையும் வெளியே அனுப்புகிற வரைக்கும் அது புரண்டுகூடப் படுக்கவில்லை. வாலையும் இடுப்பையும் மட்டும் வரைந்துகொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டினார்.

சாகசக் கதைகள் போடும் மாதப் பத்திரிகை ஒன்றில் அப்போதுதான் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. மறுநாள் அட்டைப்படம் கொடுத்தாக வேண்டும், புலிக்கோ முகம் இல்லை. வீட்டு முன்னறையில் மாமனார் உட்கார்ந்திருந்தார். எடை, அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தராசை ஏறிட்டுப் பார்த்தாலே கடைக்காரர்களுக்கு வேர்த்துக் கொட்டுமாம். அன்று அவருக்கு முன்னால் யாரோ பேப்பரைப் பிரித்துப் படித்துவிட்டார்கள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக மருமகனை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், ஓவியர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே உட்கார்ந்து வரைந்து தள்ளிவிட்டார். நெற்றிச் சுருக்கங்கள் கறுப்பு வரிகளாயின. மீசைக்கு எந்த மாற்றமும் தேவைப்படவில்லை.

புலி அமோகமாக எடுபட்டது. ஓவியரின் மனைவி மட்டும் அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் நாள் தானாகவே சிரித்துவிட்டாள். தாயில்லாத பெண்ணைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதிலிருந்து எல்லாம் செய்து வளர்த்த அப்பா. அவர் முகம் ஊரெல்லாம் கடைகளில் தொங்குவதில் அவளுக்கு ஒரு ரகசியப் பெருமை உண்டு.

விஷயம் தெரியாதவர் மாமனார் ஒருவர்தான். அவரோ மாதாமாதம் முதல் ஆளாகப் பத்திரிகையைப் படிப்பவர். தொடர்கதையில் அந்தப் புலியைத் துரத்தும் வேட்டைக்காரனைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார். புலியைக் கண்டால் ஆகாது. திமிர் பிடித்த மூஞ்சி என்பார், மருமகனிடமே.

அந்தப் பத்திரிகையில் கதைக்கு அட்டை போடும் வழக்கம் இல்லை, அட்டைக்குத்தான் கதை. வண்ண அட்டை வெளி அச்சகத்துக்கு இருபது நாள் முன்னதாகவே போய்விடும். கதையை எழுதுகிற ஆசிரியர் கடைசி இரண்டு நாளில்தான் பேனாவைத் திறப்பார். அட்டையில் என்ன இருக்கிறதோ அதைக் கதைக்குள் கொண்டுவருவது அவர் பாடு. ஒருமுறை ஓவியர் கை தவறி வேட்டைக்காரனின் இடது கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார். ஆசிரியர் அவன் வலது கையை ஒரு முதலையிடம் கடிபட வைத்துச் சமாளித்தார். இன்னொரு தடவை நீல வண்ணம் மீந்துபோயிற்றே என்று படத்தில் ஓர் ஆறு ஓடிவிட்டது. கதையிலோ மூன்று மாதமாகத் தண்ணீர்ப் பஞ்சம். அந்த இதழில் வேட்டைக்காரன் கனவு கண்டான்.

இப்படிப் பதினோரு வருஷம் புலி தப்பித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஆசிரியருக்குப் பொறுமை போய்விட்டது. விற்பனை படுத்துவிட்டது, இந்த மாதம் புலி செத்தே ஆக வேண்டும், செத்த புலிமேல் வேட்டைக்காரன் கால் வைத்து நிற்க வேண்டும், முடியாதென்றால் வாசலில் வேறு ஓவியர்கள் காத்திருக்கிறார்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அட்டை புதன்கிழமை அச்சகத்தில் இருக்க வேண்டும்.

மாமனாருக்கு வியாழக்கிழமை இருதய ஆபரேஷன்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வந்த மனைவி, ஓவியரின் மேஜையைப் பார்த்தாள். புலி மல்லாந்து கிடந்தது. கண்கள் மூடியிருந்தன. பையை அப்படியே கீழே வைத்தாள்.

"இது வெறும் படம்மா" என்றார் ஓவியர்.

"பைத்தியம்னு சொல்லுங்க, என்ன வேணா சொல்லுங்க. நாளன்னிக்கு அப்பா ஆபரேஷன் மேஜை மேல படுத்திருப்பார். அதுக்கு முன்னாடி அந்தக் கண்ணை நீங்க மூடாதீங்க."

சொல்லிவிட்டு அழுதாள். உண்மையைச் சொன்னால் ஓவியருக்கும் காலையிலிருந்து கை ஓடவில்லை. வேறு முகத்தைப் போட்டுப் பார்க்கலாமென்று ராத்திரி சாப்பாட்டைக்கூட மறந்து முயன்றார். ஒன்று பல் டாக்டர் மாதிரி வந்தது. இன்னொன்று புலியாகவே வரவில்லை. பதினோரு வருஷமாக ஒரே முகத்துக்குப் பழகிய கை, வேறொன்றுக்கு இடம் கொடுக்க மறுத்துவிட்டது. வேலை போனால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்று யோசித்தார். யோசித்துக்கொண்டே புதுக் காகிதம் எடுத்தார்.

புதன்கிழமை அச்சகத்துக்குப் போன படத்தில் மல்லாந்து கிடந்தவன் வேட்டைக்காரன். புலி அவனைத் தாண்டிப் பாய்ந்துகொண்டிருந்தது, இரண்டு கண்களும் விரியத் திறந்து.

அட்டை அச்சாகி வந்த பிறகுதான் ஆசிரியர் பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இதழ் வெளியாகட்டும், அப்புறம் உன் கணக்கைத் தீர்க்கிறேன் என்றார். வேறு வழியில்லாமல் கதையையும் எழுதினார். பத்தடி தூரத்தில் குறி பார்த்து விசையை அழுத்தப் போகும் நேரத்தில் வேட்டைக்காரனுக்குத் தும்மல் வந்துவிட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாமனார் வீடு திரும்பி, தலையணையில் சாய்ந்தபடி புது இதழைப் படித்தார். ஒரு தாளும் உறையும் கேட்டு வாங்கி, வெகுநேரம் எழுதி, ஒட்டி, தபாலில் போடச் சொல்லி மருமகனிடமே கொடுத்தார். உறைமேல் பத்திரிகையின் முகவரியைப் பார்த்து ஓவியர் திடுக்கிட்டாலும் நாணயமாகத் தபாலில் சேர்த்தார்.

அடுத்த வாரம் ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் கடிதங்கள் குவிந்திருந்தன. அத்தனையும் திட்டு. திட்டுகிற அத்தனை பேரும் அடுத்த இதழை வாங்குவார்கள் என்று அவருக்குத் தெரியும், அதனால் கோபம் பாதிக்கு மேல் வடிந்திருந்தது. ஆனாலும் அடுத்த மாதம் புலி சாகத்தான் வேண்டும் என்று சொல்லி ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

'ஐயா, பத்தடி தூரத்தில் தும்முகிறவனை வேட்டைக்காரன் என்று சொல்லி இத்தனை வருஷம் எங்களை ஏமாற்றியிருக்கிறீர்கள். எனக்கு இப்போதுதான் இருதய ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஒன்று சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புலி சாவதைப் பார்க்காமல் நான் போகமாட்டேன்.'

ஓவியர் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சமையலறையில் மனைவியிடம் கொடுத்தார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். முதல் தடவை சிரித்தாள். இரண்டாம் தடவை கடைசி வரியில் நின்றுவிட்டாள்.

"அப்போ அது சாகவே கூடாதுங்க" என்றாள்.

மறுநாள் ஓவியர் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றாமல் வரைந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். ஆசிரியர் பழைய அட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் புலியை நெடுநேரம் பார்த்தார்.

"பெரியவருக்கு என்ன வயசு?"

"எழுபத்தெட்டு."

"அப்படின்னா இன்னும் இருபது வருஷத்துக்காவது கதை வேணுமே" என்றார் ஆசிரியர். பேனாவைத் திறந்தார்.