டைம்பேஸ் பெட்டி பழுதான காரணம்

நான் படித்த பயிற்சி மையத்தில், கருவிகளைப் பழுதாக்கியவர்களைக் குறித்து வைக்கும் உடைவுப் பதிவேட்டில் என் பெயரில் ஒரு பக்கம் இருந்தது. அதன் கீழே என் அப்பாவின் கட்டைவிரல் ரேகை. ஆறு வருடம் அந்தப் பக்கத்தை நினைத்துக்கொண்டேதான் வேலை கற்றேன் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மையம் மலைமேல் இருக்கிறது. ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. புதூர்நாட்டுப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து அங்கே மின்னணுவியல் படிக்கப் போன முதல் பெண் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

ஆய்வகத்தில் ஒரு பழைய சி.ஆர்.ஓ. இருந்தது. மின் அலைகளைத் திரையில் வரைந்து காட்டும் கருவி. மலைக்குக் கீழே ஏதோ ஒரு தொழிற்சாலை கழித்துப் போட்டதை எங்களுக்குத் தந்திருந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். திரைக்குக் கீழே இரண்டு அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டியைச் செருக வேண்டும். இடது பெட்டி அலையின் உயரத்தைப் பார்த்துக்கொள்ளும். வலது பெட்டிதான் டைம்பேஸ். ஒரு பச்சைப் புள்ளியை இடமிருந்து வலமாக, நாம் வைக்கும் வேகத்தில் ஓட்டுவது அதன் வேலை. ஓடி முடித்ததும் புள்ளி அணைந்துவிடும். தொடங்கிய இடத்துக்குத் திரும்பி, அடுத்த அலைக்குக் காத்திருந்து, மறுபடி ஓடும். டைம்பேஸ் வேலை செய்யாவிட்டால் எப்பேர்ப்பட்ட அலையும் திரையில் வெறும் செங்குத்துக் கோடுதான்.

அதன் முகப்பில் ஒரு பெரிய குமிழ். புள்ளி ஒரு கட்டத்தைக் கடக்க எவ்வளவு நேரம் என்பதை அதில் வைப்போம். அதன் நடுவில் சிவப்பாக ஒரு சின்னக் குமிழ். அதை வலது கோடிவரை திருப்பினால் டக்கென்று லாக்கில் விழும். லாக்கில் இருக்கும்வரைதான் பெரிய குமிழில் உள்ள எண்ணை நம்பலாம். கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் கணக்கு தப்பாக வரும். அது நகர்ந்திருப்பதைக் காட்ட ஒரு விளக்கும் உண்டு. எங்கள் பெட்டியில் அந்த விளக்கு நாங்கள் சேர்வதற்கு முன்பே எரிந்து போயிருந்தது.

பனி இறங்கிய காலைகளில் பெட்டி அடம்பிடிக்கும். புள்ளி நகராது. வெயில் ஏறிய பிறகுதான் ஓடும்.

"மலைக்கு வந்தா மெஷினுக்குக் கூட சோம்பேறித்தனம் வந்துடுது" என்பார் எங்கள் ஆசிரியர். திருப்பத்தூர்க்காரர், தினமும் பைக்கில் மலையேறி வருவார். அவருடைய எல்லாக் கிண்டலிலும் மலை இருக்கும்.

இரண்டாம் வருடம், மூடுபனி விலகிக்கொண்டிருந்த ஒரு நாள் செய்முறை வகுப்பு நடந்தது. அலை உண்டாக்கும் ஜெனரேட்டரில் நொடிக்கு ஆயிரம் அலை என்று வைத்தார். திரையில் கட்டங்களை எண்ணிக் கரும்பலகையில் கணக்குப் போட்டார். ஆயிரத்து அறுநூறு வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டார். அதேதான் வந்தது.

"ஜெனரேட்டர் போய்டுச்சு. எடுத்து ஓரமா வைங்க" என்றார்.

நான் எழுந்தேன். "சார், சிவப்புக் குமிழ் லாக்ல இல்ல சார்."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் முகம் மாறியது. ஒரு திருப்பு திருப்பியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். "லாக்கே சரியில்ல இதுல. நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று கேட்டபடியே, கொக்கியை விடுவித்து டைம்பேஸ் பெட்டியை வெளியே இழுத்தார். மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரத்தை அணைக்காமல் பெட்டியை உருவக் கூடாது என்று முதல் நாளே எங்களுக்குச் சொன்னவர் அவர். சுவரில் எழுதி ஒட்டியும் வைத்திருந்தார். உருவி, சிவப்புக் குமிழை முறுக்கி, திரும்பச் செருகினார். திரையில் புள்ளி அசையவில்லை. வகுப்பு முடியும்வரை அசையவில்லை.

மறுநாள் அந்தப் பெட்டியில் 'பழுது' என்று சீட்டு ஒட்டி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பதிவேட்டில், மாணவி அனுமதி இல்லாமல் மின்சாரம் இருக்கும்போதே பெட்டியை உருவியதால் பழுது என்று எழுதி, என் பெயரையும் போட்டார். அப்போதைய முதல்வரிடம் அவர் சொன்னது வராந்தாவில் நின்ற எனக்குக் கேட்டது.

"காட்டுல கெழங்கு புடுங்குற மாதிரி புடுங்கிட்டா சார்."

வகுப்பில் இருந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை. செய்முறை மதிப்பெண் அவர் கையில் இருந்தது.

வீட்டிலிருந்து ஆள் வந்தால்தான் வகுப்பில் உட்காரலாம் என்றார்கள். புளி உலுக்கும் சமயம். வேலையை விட்டுவிட்டு அப்பா ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். வகுப்பு முழுக்க உட்கார்ந்திருக்க, ஆசிரியர் அந்தப் பக்கத்தை நிறுத்தி நிறுத்தி அப்பாவுக்குப் படித்துக் காட்டினார். பிறகு மை டப்பாவை நகர்த்தினார். அப்பாவின் விரலெல்லாம் புளிக்கறை. முதல் தடவை ரேகை விழவில்லை.

"நல்லா அழுத்துய்யா. மரம் ஏறத் தெரியுது, இது தெரியலயா?"

அப்பா என்னைப் பார்த்தார். என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு அவ்வளவு பயம். "வெச்சுடு நைனா" என்றேன்.

ஜீப்புக்குக் காத்திருந்தபோது கேட்டார். "நீயா இழுத்த?"

"இல்ல நைனா. அவருதான்."

"அப்ப இன்னாத்துக்கு வெக்கச் சொன்ன?"

ஜீப் வந்ததும் ஏறிப் போய்விட்டார். அதன்பிறகு அவர் மையத்துக்கு வரவே இல்லை. நான் முதல் மாணவியாகச் சான்றிதழ் வாங்கிய அன்றைக்கும் வரவில்லை.

படிப்பு முடிந்து வாணியம்பாடியில் ஒரு சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். தோல் தொழிற்சாலைகளின் சோதனைக் கருவிகளைப் பழுது பார்க்கும் கடை. பழைய சி.ஆர்.ஓ.க்களும் வரும். மற்றவர்கள் ஒதுக்கிய டைம்பேஸ் பெட்டிகளை நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். ஒவ்வொன்றைத் திறக்கும்போதும், மலைமேல் பூட்டிக் கிடக்கும் அந்தப் பெட்டிக்குள் எது எரிந்திருக்கும் என்று யோசிப்பேன். அந்தக் கருகிய பாகத்தைக் கழற்றி அவர் மேசைமேல் வைக்க வேண்டும். எந்த வார்த்தை சொல்லி வைப்பது என்பதுவரை தயார் செய்திருந்தேன்.

ஒருநாள் கடை முதலாளி போனை வைத்துவிட்டு, "மலை மேல ஏதோ சென்டராம். பழைய சி.ஆர்.ஓ.வாம். யாரும்மா போறது?" என்றார்.

"நான் போறேன் பாய்."

"எந்த சென்டருன்னு கூடக் கேக்கல?"

"தெரியும் பாய்."

ஆசிரியர் இப்போது முதல்வராகியிருந்தார். என்னைப் பார்த்ததும் வாசலுக்கே வந்துவிட்டார். "அட, நம்ம பொண்ணு! நம்ம கிட்ட படிச்சதுதான்" என்று அலுவலகம் முழுக்கக் கேட்கச் சொன்னார். அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "திங்கக்கெழம தணிக்கைக் குழு வருதும்மா. லிஸ்ட்ல சி.ஆர்.ஓ. ஓடுதுன்னு போட்டுட்டேன். எப்படியாவது ஓட வெச்சுடு."

"பாக்கறேன் சார்."

அலமாரியிலிருந்து டைம்பேஸ் பெட்டியை எடுத்து, அதன் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே குளவிக் கூடு. காற்றுப் போக விட்டிருந்த துளைகள் வழியாக நுழைந்து, வேகம் மாற்றும் சுவிட்சின் மேலேயே மண்ணால் அறை அறையாகக் கட்டியிருந்தது. பழைய அறையின்மேல் புது அறை என மூன்று அடுக்கு. அடி அடுக்கில் காய்ந்த சிலந்திகள் பொடிப்பொடியாகக் கிடந்தன. மண் கசிந்து சுவிட்சின் தொடுதகடுகளுக்கு நடுவில் இறங்கியிருந்தது. தகடுகள் ஒன்றையொன்று தொடவே முடியாது. பனிக்காலக் காலைகளில் பெட்டி அடம்பிடித்தது ஈரம் கோத்த இந்த மண்ணால்தான். அவர் இழுத்த நாளுக்கு முன்பே குளவி குடி வந்துவிட்டது. அன்றும் புள்ளியை நிறுத்தியது பனி ஈரம்தான்; மறுநாளே பூட்டிவிட்டதால் வெயில் ஏறிய பிறகு யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு பாகமாக அளந்தேன். கண் வலிக்கும்வரை அளந்தேன். எதுவும் எரியவில்லை, எதுவும் உடையவில்லை. உடையாத ஒரு பொருளுக்கு என் அப்பா விரல் வைத்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வருடமாக அவர் மேசையில் வைக்க நினைத்த பாகம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பதில்தான் ஆத்திரம் அதிகமானது. மூங்கில் சீவலால் மண்ணைச் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்டால் கழுவி, முற்றத்து வெயிலில் உலர வைத்தேன். செருகினேன். புள்ளி ஓடியது. சிவப்புக் குமிழை லாக்கில் போட்டு அளந்தேன். சரியாக ஆயிரம். சுவிட்சை அணைத்தேன், பெட்டியை இரண்டு விரல் அளவு வெளியே இழுத்து விட்டேன். பிறகு இரண்டாம் வருட மாணவிகள் செய்முறை வகுப்புக்கு வரும் நேரத்துக்காகக் காத்திருந்தேன்.

அவர்கள் வந்து உட்கார்ந்ததும் முதல்வரை வரச் சொல்லி அனுப்பினேன்.

"முடிஞ்சுதாம்மா?"

"ரிப்போர்ட் எழுதணும் சார். பழுதான காரணம்னு ஒரு கட்டம் இருக்குது. பழைய உடைவுப் பதிவேடு வேணும்."

"அதெல்லாம் இன்னாத்துக்கு இப்ப? ஏதாவது எழுதும்மா."

"குழு ரெண்டையும் சேர்த்துப் பாப்பாங்க சார். பதிவேட்டுல நான் உருவினேன்னு இருக்குது. நான் உருவலன்னு ரிப்போர்ட்ல எழுதுவேன். அப்புறம் உங்களைத்தான் கேப்பாங்க."

மாணவிகள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "ரூமுக்கு வா, பேசிக்கலாம்."

"இங்கயே பேசலாம் சார். எங்கப்பாவ இங்கதான் நிக்க வெச்சீங்க."

பதிவேடு வந்தது. அந்தப் பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பேனா மூடியைத் திறந்தார். பிறகு தன் வரிகளைக் குறுக்கே அடித்து, மின்சாரம் இருக்கும்போது டைம்பேஸ் பெட்டியை உருவியது நானே, மாணவி அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்தார்.

"படிச்சுக் காட்டுங்க சார்."

"இன்னாம்மா இது, சின்னப் பசங்க முன்னால..."

"எங்கப்பாவுக்குப் படிச்சுக் காட்டுனீங்களே."

படித்தார். கடைசி வார்த்தை கேட்கவில்லை, மறுபடி படிக்கச் சொன்னேன். படித்தார். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். அதன்பிறகு பெட்டியை உள்ளே தள்ளிக் கொக்கி மாட்டி, சுவிட்சைப் போட்டேன். பச்சைப் புள்ளி ஓட ஆரம்பித்ததும் மாணவிகள் இருக்கையை விட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

வாசல்வரை கூடவே வந்தவர் கேட்டார். "நான் அன்னிக்கு இழுத்ததுல உள்ள இன்னாம்மா போச்சு?"

என் பையில், தாளில் மடித்த மண்கட்டி இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். உங்களால் ஒன்றும் ஆகவில்லை சார் என்று சொல்ல ஒரு நொடி போதும்.

"நெறைய போச்சு சார்" என்றேன்.

ரிப்போர்ட்டில் காரணம் என்ற இடத்தில், 'பதிவேட்டில் உள்ளபடி' என்று எழுதிக் கொடுத்தேன்.

மாலை வீட்டுக்குப் போய் அப்பாவுக்குப் படத்தைக் காட்டிப் படித்தேன். மூன்று முறை படிக்கச் சொன்னார். "கை நடுங்குச்சா அவருக்கு?" என்று கேட்டார். நடுங்கியது என்றேன். உண்மையில் நான் அதைக் கவனிக்கவில்லை. அப்பா வெகுநாள் கழித்து அன்று நிறையச் சாப்பிட்டார்.

கடைக்குத் திரும்பியதும் முதலாளி ரிப்போர்ட்டின் நகலையும் மண்கட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குளவி பண்ணுனதுக்கு மனுசன மாட்டி வுட்டுட்டியா?"

"அவரு என்னை மாட்டி வுடலயா பாய்?"

"அது அவரு யோக்கியத. ரிப்போர்ட்ல கடை பேரு இருக்குதும்மா."

தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் வருத்தப்படவில்லை.

"அடுத்த சர்வீஸுக்கு நீயே போ. போய் உள்ளதச் சொல்லிட்டு, ரிப்போர்ட்ட மாத்திக் குடுத்துட்டு வா."

"சரி பாய். எப்ப அடுத்த சர்வீஸ்?"

"ஒரு வருசம் கழிச்சு."

ஐந்து மாதம் முடிந்திருக்கிறது. மையத்திலிருந்து முதல்வர் இரண்டு முறை போன் செய்து, பெட்டிக்குள் எதை எதை மாற்றினேன் என்று விசாரித்தார். நேரில் வரும்போது விவரமாகச் சொல்கிறேன் சார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.