நடக்கவே நடக்காத பிழை

ஹாஜியார் ஷிர்பீனி, உஸ்தா தஸூகிக்கு நாற்பத்தைந்தாயிரம் பவுண்டு தர வேண்டியிருந்தது. வாயால் சொன்ன கடன்தான். ஆனால் சாயப்பட்டறைக்காரர்கள் நாலு பேர் காதில் விழும்படி சொன்னது, அதனால் ஹாஜியாரால் இல்லையென்று சாதிக்க முடியாது. தள்ளிப்போடத்தான் முடியும். அந்த வித்தையில் எகிப்தின் மஹல்லா ஊரிலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

தஸூகி ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ரேடியோ, டேப், டிவி என்று பழுது பார்த்து, தலை நரைக்கிற வயதில் தானே உட்கார்ந்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். ஒருவனும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஒருவனும் காசு கொடுக்கவில்லை. இதை அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொன்னால்தான் என்ன? கோட்டு போட்டவர்கள் சான்றிதழைச் சுவரில் மாட்டுகிறார்கள், மாட்டச் சுவர் இல்லாதவன் வாயால் சொல்கிறான்.

ஹாஜியாரின் பட்டறையில் சாயத் தொட்டிகளை ஆட்டிவைத்தது ஒரு பழங்காலக் கணினி. அது செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. அதைப் போலவே நடிக்கிற எமுலேட்டர் என்ற நிரலை ஒரு சாதாரண கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தவர் தஸூகி. தொட்டிகளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் அந்த நிரலுக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. உள்ளே எங்கோ ஒரு மூலையில் சின்னப் பிழை வந்தால், மேலே யாரிடமும் சொல்லாது. ஒரு வரி புலம்பிவிட்டு மொத்தமாகச் செத்துப்போகும். சோற்றில் கல் கிடந்ததென்று வீட்டையே கொளுத்துகிற மாப்பிள்ளை மாதிரி. அது செத்தால் தொட்டியில் கொதிக்கும் துணி திட்டுத்திட்டாகப் போய்விடும்.

"பிழை வந்தா கூப்பிட்டவன்கிட்ட சொல்லணும் ஹாஜியாரே. சாகறதா, சமாளிக்கறதான்னு அவன் முடிவு பண்ணட்டும். முப்பது சொச்சம் இடத்துல மாத்தணும்" என்றார் தஸூகி.

"மாத்து. ஆனா என் பெட்டிக்குள்ள மட்டும் மாத்திட்டுப் போயிடாதே. அது ஊருக்கெல்லாம் பொதுவான நிரல்னு நீதானே சொன்னே? அந்தப் பொதுவுலயே சேரணும். சேர்ந்த அன்னிக்கு நாப்பத்தஞ்சாயிரம்."

"அது எதுக்கு?"

"நாளைக்கு நீ மவுத்தாயிட்டா, உன் கபர்ல வந்து கதவைத் தட்டச் சொல்றியா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். தஸூகியும் சிரித்தார். காசு தரப்போகிறவன் சொல்லும் நகைச்சுவைக்குச் சிரிக்காமல் இருக்க முடியுமா?

பொதுவில் சேர்ப்பது லேசான வேலை இல்லை. தேசம் தேசமாக இருக்கிற ஆட்கள் எழுதுகிற நிரல் அது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எல்லார் கண்முன்னும் குதறிய பிறகுதான் உள்ளே விடுவார்கள். தஸூகியின் பகுதிக்குக் காவல் இல்டிகோ என்ற ஹங்கேரிக்காரப் பெண். முகம் தெரியாது, கடிதம் மட்டும் வரும். "இங்கே ஒரே பிழையை இரண்டு முறை சொல்கிறீர்கள். இங்கே பிழையை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டீர்கள். திருத்தி அனுப்புங்கள்." தஸூகி திருத்தி அனுப்புவார். மறுபடியும் திரும்பி வரும். மரியாதையாகவே உதைப்பாள்.

இதற்கிடையில் ஷூன் சதுக்கத்துக்குப் பின்னால் இருந்த தஸூகியின் கடைக்கு வாடகை பாக்கி ஐம்பதாயிரம் ஏறிவிட்டது. வியாழக்கிழமை பூட்டை மாற்றிவிடுவேன் என்று கட்டடச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். அந்தக் கடை போனால், தஸூகி வெறும் கிழவன். கைதேர்ந்த மேஸ்திரி என்ற மரியாதையோடு உஸ்தா என்று யாரும் கூப்பிடப் போவதில்லை.

கடைசி வாரம் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. பழைய கணினிக்கு அச்சு இயந்திரத்தின் கேபிள் ஒன்று உண்டு, இப்போதைய பெட்டியிலும் அது செருகியபடியே இருந்தது. அச்சு இயந்திரம் என்றைக்கோ காயலான் கடைக்குப் போய்விட்டது. ஆனாலும் கேபிள் இருக்கிறதா என்று எமுலேட்டருக்குள் ஓடும் பழைய சாய நிரல் அடிக்கடி தொட்டுப் பார்க்கும். அது காணாமல் போனால் அந்தப் பிழையை முறையாக மேலே சொல்ல, இன்னும் நாலு இடத்தைப் பிரித்துப் போட வேண்டும். தஸூகிக்கு நேரமில்லை. 'இது நடக்கவே நடக்காது, நடந்தால் அங்கேயே செத்துப்போ' என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லை வைத்து மூடினார். உண்மையிலேயே நடக்காத விஷயங்களுக்கு அப்படி வைக்க அனுமதி உண்டு.

இல்டிகோ கேட்டாள்: "இது நடக்காது என்று நிச்சயமாகத் தெரியுமா?"

தஸூகி பதில் போட்டார்: "முப்பது வருடம் இயந்திரங்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். அந்தக் கேபிளைப் பிடுங்குகிற மடையன் இன்னும் பிறக்கவில்லை."

"கீழே இருப்பது உங்கள் பெயர். சரி" என்று எழுதி அவள் சேர்த்துவிட்டாள்.

புதன்கிழமை மதியம் தஸூகி புது நிரலோடு பட்டறைக்குப் போனார். தொட்டியில் சிவப்புச் சாயம் ஏறிக்கொண்டிருந்தது. போர்ட் சயீதுக்குப் போகிற படுக்கை விரிப்புகள். புது நிரலை ஏற்றி ஓடவிட்டார். பின்னால் நின்ற சாயக்காரன் அவத் எட்டிப் பார்த்தான்.

"தள்ளி நில்லுடா. சாயக் கையோட பெட்டிப் பக்கம் வந்தே, கையை வெட்டிடுவேன். போன தடவை நீ தொட்டுத்தான் அது படுத்துது."

"நான் தொடவே இல்லியே உஸ்தா."

"நீ பார்த்தாலே போதும், படுத்துக்கும்."

ஹாஜியார் தேநீர் கிளாஸோடு வந்தார். "சேர்ந்துடுச்சா?"

"சேர்ந்துடுச்சு! என் பேரோட! நாளைக்கு வாடகை கட்டணும் ஹாஜியாரே. எட்டாயிரம் என் பையில இருக்கு, மீதி உங்க கையில."

"கடுதாசியைக் காட்டு."

தஸூகி போனை எடுத்தார். கறுத்துக் கிடந்தது. காலையிலிருந்து அந்தக் கடிதத்தை தேநீர்க்கடை, சலூன், பஸ்காரன் என்று எல்லாருக்கும் காட்டிக் காட்டி மின்சாரம் தீர்ந்திருந்தது. சார்ஜர் கம்பி பையில் இருந்தது. பெட்டியின் பின்னால் ஓட்டைகள் எல்லாம் நிறைந்திருந்தன. ஒன்றில் மட்டும் எதற்கும் உதவாத கேபிள் தூசி பிடித்துத் தொங்கியது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனைச் செருகினார்.

போன் விழித்துக்கொண்டது. பெட்டியின் திரையில் ஒரு வரி வந்தது. பிறகு இருட்டு.

நீராவி நிற்கவில்லை. வால்வுகளுக்குச் சொல்ல ஆளில்லை. அவத் ஓடிப்போய் கையால் திருகி மூடுவதற்குள் விரிப்புகள் கறிக்கடைச் சாக்கு மாதிரி ஆகிவிட்டன.

அந்த ஒரு வரி தஸூகியே எழுதியது.

"நான் புடுங்கியிருந்தா என்னைத் தொட்டியில தள்ளியிருப்பே, இல்லியா உஸ்தா?" என்றான் அவத். சத்தம் போட்டுத்தான் சொன்னான். பட்டறை முழுக்கச் சிரித்தது.

ஹாஜியார் போனைக் கையில் எடுத்து நிதானமாகப் படித்தார். "பேரு நல்லா பெருசா இருக்கு. சேர்ந்தது நிஜம்தான். நாப்பத்தஞ்சு நான் தரணும், மறுக்கலை. துணி அம்பத்திமூணாயிரம். அப்ப எட்டு நீ தரணும்."

துணி ஐம்பத்திமூன்றா, நாற்பதா, யாருக்குத் தெரியும்? பையில் இருப்பது எவ்வளவு என்று வாய்விட்டுச் சொன்னவர் தஸூகி.

"ஹாஜியாரே, நாளைக்கு என் கடை…"

"முதல்ல அந்த வரியைச் சரி பண்ணு."

தஸூகி உட்கார்ந்தார். பிரிக்க நேரமில்லை என்று விட்ட அந்த நாலு இடத்தையும் பிரித்து எழுதினார். அவத் சாயக் கையோடு பெட்டி மேலேயே சாய்ந்து நின்றான். யாரும் அவனைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. முடித்ததும் ஹாஜியார் கேபிளைத் தானே செருகி, தானே பிடுங்கிப் பார்த்தார். இயந்திரம் முனகியது, சாகவில்லை.

"இப்ப சரி. இதையும் பொதுவுல சேர்த்துடு. அதுக்குக் காசு கிடையாது."

பிறகு தேநீரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது உள்ளங்கையை விரித்தார். தஸூகி பையிலிருந்து இருநூறு பவுண்டுத் தாள்களை எடுத்தார். எச்சில் தொட்டு, ஒவ்வொன்றாக வைத்தார். நடுவில் ஹாஜியார், "சத்தமா எண்ணு, உஸ்தா" என்றார். தஸூகி முதலிலிருந்து சத்தமாக எண்ணி, கடைசித் தாளையும் அந்தக் கையில் வைத்தார்.