ஈஞ்சுப் பற்றைக்குள் பேரீச்சை

ஸுஹறா பேரீச்சங்கொட்டை பொறுக்கியது அந்த நோன்பு முழுக்க ஊருக்குப் பகிடியாக இருந்தது.

பள்ளிவாசல் என்றால் நாலு மரக்கால், மேலே தகரம், அவ்வளவுதான். மறிச்சுக்கட்டிப் பக்கம் காட்டோரத்துக்குத் திரும்பி வந்தவர்கள் முதலில் கட்டியது அதைத்தான். நோன்பு திறக்கிற நேரம் ஆண்கள் பாயில் குந்திப் பேரீச்சம்பழத்தை வாயில் வைப்பார்கள், கஞ்சி குடிப்பார்கள். ஸுஹறா வெறும் பால்மாத் தகரப் பேணியோடு வேலியடியில் நிற்பாள். எல்லோரும் தொழுகைக்கு எழும்பிய பிறகு வந்து பாயோரம் கிடக்கிற கொட்டைகளைப் பொறுக்குவாள்.

"பழம் எங்களுக்கு, கொட்டை உங்களுக்கு. நன்மை ஆருக்கு ராத்தா?" என்று மோதினார் கேட்டார்.

"நன்மைய நீங்களே வெச்சிக்கோங்க. வடிவாச் சூப்பிட்டுத் துப்பச் சொல்லுங்க, எறும்பு மொய்க்குது."

அதற்குப் பிறகு ஆண்கள் சூப்பிச் சூப்பிப் பேணிக்குள்ளேயே போட்டார்கள். சிரித்துக்கொண்டுதான் போட்டார்கள்.

ஸுஹறாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குக் காணியில் பயிர் வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்ததில் ஊர் காடாகிவிட்டிருந்தது. எதுவரை ஊர், எங்கிருந்து காடு என்று அளந்து பிரிக்க அரசாங்கக் கந்தோரிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். பயிர் நிற்கிற காணி ஊரோடு சேரும். பற்றை நிற்கிற காணி காட்டோடு போகும். அப்படிப் போன காணியில் இருப்பவர்கள் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்த வழியே போகவேண்டியதுதான்.

வந்த வழி என்றால் புத்தளம். தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக் காலத்தில், முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேறவேண்டும் என்று இயக்கம் சொன்னபோது, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு இதே காணியிலிருந்துதான் அவள் இறங்கிப் போனாள். பிறந்ததும் இதில்தான், கலியாணம் முடித்து இருந்ததும் இதில்தான். புத்தளத்தில் ஓலைக் கொட்டில். பிறத்தியாரின் வெங்காயப் பாத்தியில் களை பிடுங்கல். பிறகு சவூதியில் ஒரு வீட்டில் வேலை. பிள்ளைகள் வளர்ந்து கலியாணமாகிப் போனார்கள். லொறியில் மூட்டை ஏற்றி இறக்கிய அவள் கணவன் சரிபுதீனுக்கு இடுப்பு நாரி போய்விட்டது. இப்போது அவர் மகள் வீட்டு மண்டபத்தில், கதவுக்குப் பின்னால் விரித்த பாயில் இருக்கிறார். மருமகன் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டான். சாப்பாட்டுக் கோப்பையை வைக்கிற சத்தத்தில் சொல்லுவான்.

அதனால் அவள் மட்டும் வந்து கூடாரம் அடித்தாள். "நீ விடாமப் புடிச்சிட்டு இரு. காணி சரி எண்டு சொன்னாங்கண்டா நான் அடுத்த பஸ்ஸில வாறன்" என்று சரிபுதீன் ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் சொல்லுவார். பழைய வீட்டின் அத்திவாரத்தைக்கூட அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. யாரோ கல்லையும் கிளப்பிக்கொண்டு போயிருந்தார்கள்.

முதல் வருஷம் ஒரு உதவி நிறுவனம் தென்னங்கன்று கொடுத்தது. கிணற்றுத் தண்ணீர் உவர். கோடையில் பாதி கருகியது. மிச்சத்தைப் பட்டி மாடுகள் தின்றன. அப்போதுதான் அவளுக்குச் சவூதி வீட்டுத் தோட்டம் ஞாபகம் வந்தது. உவர் தண்ணீரில், கொதிக்கிற மணலில், ஒருவரும் திரும்பிப் பாராமல் நின்ற பேரீச்சைகள். அங்கே தோட்டக்காரன் தாய்மரத்தின் அடியில் வருகிற பக்கக்கன்றைத்தான் பிரித்து நடுவான். கொட்டை போட்டால் ஆண் வருமா பெண் வருமா என்று தெரியாது, காய்க்க வருஷக் கணக்கில் ஆகும் என்பான். ஆணோ பெண்ணோ அவளுக்கு ஒன்றுதான். நின்றால் போதும்.

கொட்டைகளை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். தண்ணீரில் போட்டு, மிதந்தவற்றை வீசினாள். தினமும் தண்ணீர் மாற்றினாள். பிறகு நனைத்த சாக்குத் துண்டில் சுற்றிப் பேணிக்குள் வைத்து அடுப்படிச் சூட்டில் விட்டாள். நாளாக, கொட்டையின் முதுகில் பால்பல் மாதிரி வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. அது மேலே வரவில்லை, கீழே போனது. பேரீச்சை முதலில் தனக்கு வேரைத்தான் பார்க்கும். இலை பிறகுதான். அந்த இலையும் ஒற்றைப் புல் மாதிரித்தான் வரும்.

புல் மாதிரி என்பதுதான் பிரச்சினை. வெளியில் நட்டால் ஆடு மாட்டுக்கு ஒரு வாய்க்குக் காணாது. முள்வேலி அடைக்க அவளிடம் வசதியில்லை. காணி நிறைய ஈஞ்சுப் பற்றை நின்றது. பேரீச்சையின் ஏழைச் சொந்தம் மாதிரி, இடுப்பளவு உயரம், ஊசி ஊசியாக முள். எந்த மாடும் அதற்குள் மூக்கை விடாது. ஸுஹறா ஒவ்வொரு பற்றையின் நடுவிலும் கையை விட்டு, கீறல் வாங்கி, முளைத்த கொட்டைகளை நட்டாள். நிழலும் கிடைத்தது, காவலும் கிடைத்தது. மாரி வந்தது. பற்றைகளுக்குள் பச்சை நாக்குகள் எழும்பின. மாரி போன பிறகு சிரட்டையால் சிரட்டையால் தண்ணீர் ஊற்றினாள். மாடுகள் வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்க்கும்போது மட்டும் அவள் முகம் கொஞ்சம் தெளியும்.

பக்கத்துக் காணி மர்ழியாவுக்கு இது பொறுக்கவில்லை. அவள் தன் காணியை நெருப்பு வைத்து மொட்டையாக்கியிருந்தாள்.

"ராத்தா, பத்தைய வெட்டுங்க. வாறவன் கண்ணுக்குக் காடுதானே தெரியும்?"

"வெட்டினா மாடு திண்டிரும்."

"மாடு திண்டா வேற நடலாம். காணியக் காடு திண்டா?"

"கிட்ட வந்து பாக்கட்டும். நான் காட்டுறன்."

அளக்கிறவர்கள் வருகிற செய்தி உறுதியானதும் மர்ழியா எங்கிருந்தோ ஒரு கட்டு முருங்கைக் கம்பு கொண்டுவந்து வரிசையாக ஊன்றினாள். இலை இல்லை, வேர் இல்லை. மிஞ்சியதை ஸுஹறாவின் கூடாரத்தடியில் போட்டாள். "ஊண்டுங்க, ராத்தா. கம்புக்கு நாக்கு இல்ல, சாட்சி சொல்லாது."

ஸுஹறா அதைத் தொடவில்லை. உயிருள்ள கன்று நிற்கும்போது செத்த கம்பு எதற்கு என்று நினைத்தாள். அன்றைக்கு அவளுக்கு அவ்வளவு தைரியம் இருந்தது.

சொன்ன நாளன்று காலையிலேயே வந்துவிட்டார்கள். தொப்பி போட்ட ஒரு சிங்கள அதிகாரி. வெயிலில் கன்னம் சிவந்திருந்தது. அவருக்குத் தமிழ் வராது. கூட வந்தவர் சிங்கராசா, மடுப் பக்கத்து வயற்காரர். அளக்கிற நாடாவின் மற்ற முனையைப் பிடிக்கவும் பேச்சை மாற்றிச் சொல்லவும் அவர்தான். மர்ழியாவின் காணியில் அதிகாரி முருங்கைக் கம்புகளைப் படம் எடுத்தார், தலையாட்டினார், வேலியைத் தாண்டி வந்தார்.

ஸுஹறாவின் காணியில் கால் வைத்ததும் அவர் நின்றுவிட்டார். சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு சொல் சொன்னார்.

"காடு எண்டு சொல்லுறார், அக்கா" என்றார் சிங்கராசா.

"காடு இல்ல தம்பி. உள்ளுக்குப் பேரீத்தங்கண்டு நிக்குது. பாக்கச் சொல்லுங்க. மாத்தயா, பலன்ன!" புத்தளத்தில் படித்த சிங்களம் அவ்வளவுதான். அவள் ஒரு பற்றையை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்தாள்.

அதிகாரி குனிந்து பார்த்தார். பச்சை நாக்கு ஒன்று நின்றது. பக்கத்தில் ஈஞ்சின் கொட்டை விழுந்து முளைத்த குட்டியும் நின்றது. இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

"இது ஈஞ்சுக் குட்டியாம். தானா வாறதாம். ஈஞ்சு நிண்டா அது காட்டு அடையாளம் எண்டுறார்."

"இதுவும் அதுவும் ஒண்டா?"

"எனக்கும் ஒண்டாத்தான் தெரியுது அக்கா. கோவிக்காதேங்கோ."

ஸுஹறா முழங்காலில் இருந்தாள். விரலால் மண்ணைக் கிளறி, கன்றை வேரோடு இழுத்து எடுத்தாள். வேர் முறிகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. கீழே, தொப்புள்கொடி மாதிரி ஒரு காம்பில், நீளமான தடித்த கொட்டை தொங்கியது.

"இப்பப் பாருங்க. ஈஞ்சில இவ்வளவு பெரிய கொட்டை இருக்குதா?"

சிங்கராசா அதை வாங்கி உருட்டிப் பார்த்தார். "இது பேரீத்தங்கொட்டைதான் மாத்தயா" என்று தொடங்கிச் சிங்களத்தில் நீளமாகச் சொன்னார். அதிகாரி கேட்டுவிட்டு ஏதோ சொன்னார்.

"ஆரும் திண்டு துப்பினது விழுந்து முளைச்சிருக்கும் எண்டுறார். ஒண்டை வைச்சுத் தோட்டம் எண்டு சொல்ல ஏலாதாம்."

"ஒண்டா?"

அவள் அடுத்த பற்றைக்குப் போனாள். பிடுங்கினாள். கொட்டை. அதற்கடுத்த பற்றை. கொட்டை. கையில் முள் ஏறியது தெரியவில்லை. பிடுங்கியதையெல்லாம் முந்தானையில் போட்டுக்கொண்டாள். "பாருங்க, இதையும் ஆரும் துப்பினதா? இதையும்? காட்டுக்க வந்து பத்தை பத்தையா ஆர் துப்புறது? சொல்லச் சொல்லுங்க!"

"காணும் அக்கா. விளங்குது, விடுங்கோ" என்று சிங்கராசா பின்னாலேயே வந்தார். வேலியடியில் நின்று மர்ழியாவும் கத்தினாள். "ராத்தா, பைத்தியமா? நிப்பாட்டுங்க!"

அவள் நிற்கவில்லை. கடைசிப் பற்றைவரை போய்த்தான் நின்றாள். மூச்சு வாங்கியது. திரும்பி வந்து முந்தானையை அதிகாரிக்கு முன்னால் விரித்தாள். வெயிலில் கன்றுகள் அதற்குள்ளேயே துவளத் தொடங்கியிருந்தன. அவர் தொப்பியைக் கழற்றினார். குனிந்து இரண்டு மூன்றை எடுத்துப் பார்த்தார். மெதுவாகத் தலையாட்டினார்.

"நம்புறாராம்" என்றார் சிங்கராசா.

"அப்ப எழுதச் சொல்லுங்க தம்பி. பயிர் இருக்கெண்டு எழுதச் சொல்லுங்க."

சிங்கராசா நிலத்தைப் பார்த்தார். "நிக்கிற பயிரைத்தான் எழுதலாமாம் அக்கா. படம் எடுக்கவேணும். மடியில கிடக்கிறதை எப்பிடி..."

அவளுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் முந்தானை கையிலிருந்து நழுவியது.

அதிகாரிதான் முதலில் தேடத் தொடங்கினார். பற்றைகளைத் தன் கையாலேயே விலக்கி விலக்கிப் பார்த்தார். முள் குத்தி ஒருமுறை கையை உதறினார். பிறகு கூடாரத்துக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டார். அங்கே ஒரு சின்னப் பற்றைக்குள் ஒரு பச்சை நாக்கு நின்றது. ஸுஹறா ஓடி வந்தாள்.

"இது உங்கடையோ எண்டு கேக்கிறார்" என்றார் சிங்கராசா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஓமெண்டு சொல்லுங்கோ. ஒண்டு நிண்டாலும் எழுதிறன் எண்டுறார். ஓமெண்டு மட்டும் சொல்லுங்கோ அக்கா."

"ஓம், என்ட."

அதிகாரி கமராவைத் தூக்கினார். தூக்கிக்கொண்டே, வழக்கமாகக் கேட்பதுபோல, ஒன்று கேட்டார்.

"நிச்சயமோ எண்டு..."

சிங்கராசா முடிக்கவில்லை. காலையிலிருந்து அந்தக் கேள்விக்கு அவள் கொடுத்த பதில் ஒன்றே ஒன்றுதான். கை முந்திவிட்டது. கன்று வெளியில் வந்தபோது காம்பில் தடித்த கொட்டை தொங்கியது. அது பேரீச்சைதான்.

"ஐயோ அக்கா" என்றார் சிங்கராசா.

அதிகாரி கமராவை இறக்கினார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வாகனத்தடிக்குப் போனார். சிங்கராசா சிவப்புத் தலை வைத்த எல்லைக் கட்டையைக் கொண்டுவந்து, அவள் பக்கம் பாராமல், மர்ழியாவின் காணி முடிகிற இடத்தில் அடித்து இறக்கினார். நிலம் இறுகிப்போயிருந்தது. நிறைய அடிக்கவேண்டியிருந்தது.

அவர்கள் போன பிறகு ஸுஹறா கன்றுகளை ஒவ்வொன்றாக நடத் தொடங்கினாள். இந்த முறை பற்றைக்குள் இல்லை, வெட்டவெளியில், றோட்டால் போகிறவர்களுக்கும் தெரியும்படி வரிசையாக. நடும்போதே தெரிந்தது. எல்லாவற்றிலும் நடுவேர் முறிந்திருந்தது. நட்ட கையோடு இலைகள் மண்ணில் சாய்ந்தன. அவள் ஒவ்வொன்றையும் நிமிர்த்தி இரண்டு பக்கமும் மண் அணைத்தாள். மர்ழியா வந்து ஒரு வாளி தண்ணீரை வைத்துவிட்டுப் போனாள்.

தொலைபேசி அடித்தது. சேற்றுக் கையாலேயே எடுத்தாள்.

"வந்தாங்களா?" என்றார் சரிபுதீன். பின்னால் கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது.

"வந்தாங்க."

"கண்டுகளப் பாத்தாங்களா?"

"எல்லாத்தையும் பாத்தாங்க."

"நம்பினாங்களா?"

"நம்பினாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப நான் சாமானக் கட்டட்டா?"

ஸுஹறா வரிசையைப் பார்த்தாள். நிமிர்த்தி வைத்தவை மறுபடி சாய்ந்திருந்தன.

"கட்டாதீங்க" என்றாள். "நான் அங்க வாறன்."

அந்தப் பக்கம் பாய் சரசரத்தது. பிறகு அவர், மருமகனுக்குக் கேட்காத குரலில், "எப்ப?" என்றார்.

"தண்ணி ஊத்திட்டு வாறன்."